கன்னிமேட்டு ஊம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கன்னிமேட்டில் ஒருவர் கதை சொன்னால் எதிரில் இருப்பவர் ஊம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்பவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார், அவரைத் திரும்ப உட்காரவைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். இந்த ஊம் ஆமாமும் அல்ல, சரியும் அல்ல. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீ மேலே சொல் என்பதுதான் அதற்குப் பொருள். இது எங்கள் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அரசாங்கத்துக்குத்தான் தெரியாது என்பது எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. நீங்கள் படிக்கிற ஆட்கள், நீங்கள் கொட்டும் ஊம் எங்கள் காதில் விழப்போவதில்லை. பரவாயில்லை, மனசுக்குள் கொட்டிக்கொள்ளுங்கள்.

கன்னிமேடு ஏரிக்கரையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. எல்லோரும் இருளர்கள். வேலிகாத்தான் முள்மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறோம், அறுப்புக் காலத்தில் வயலில் எலி பிடிக்கிறோம், சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கூரைக்கு ஓலை வேய்ந்த காலம் போய் இப்போது ஃப்ளெக்ஸ் பேனர்தான். டவுனில் கல்யாணம் முடிந்ததும், காதணி விழா முடிந்ததும், வட்டச் செயலாளரின் பிறந்தநாள் முடிந்ததும், கண்ணீர் அஞ்சலியின் கண்ணீர் காய்ந்ததும் அந்தப் பேனர்களெல்லாம் எங்கள் கூரைக்கு வந்து சேரும். மேலே, காக்கைக்கும் விமானத்துக்கும் கும்பிடு போட்டபடி பெரிய மனிதர்கள். கீழே, படுத்துப் பார்க்கிற எங்களுக்கு வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைதான் தேசம்மாவை உறுத்தியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உறுத்தியது. பாம்பு பிடிக்கிற கொல்லாபுரியின் மனைவி அவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பெய்து மூட்டமெல்லாம் நனைந்து வேலையில்லாமல் கிடந்தபோது, கரியை இடித்து வேப்பம் பிசினில் குழைத்து, மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையின் உள்பக்கம் முழுக்கப் படம் போட்டாள். வரப்பில் எலி வளை தோண்டுகிறவர்கள், மாசி மகத்துக்குக் கடற்கரையில் சேலையால் கூடாரம் கட்டிக் கன்னியம்மாளைக் கும்பிடுகிறவர்கள், அங்கேயே மணலில் தாலி கட்டிக்கொள்கிறவர்கள், மூலையில் தடியோடு அவள் மாமனார். இறந்துபோனவர், இருப்பவர் என்று அவள் பார்க்கவில்லை, எல்லோரையும் ஒரே கரியால்தான் போட்டாள்.

தன் வீடு ஒழுகுகிறது என்று பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அங்கே வந்து ஒண்டியிருந்தாள். கொல்லாபுரி சும்மா இருக்கமாட்டாமல் தன் அப்பா ஒரு மழைநாளில் சாரைப் பாம்பின் பின்னாலேயே போய் வழி தவறிய கதையை எடுத்துவிட்டான். "நைனா அப்பிடியே கர மேல ஏறிச்சி," என்றான். பச்சையம்மா "ஊம்" என்றாள். கூரை மூலையில் இருந்த கரி மாமனார் ஒரு காலைத் தூக்கி முன்னே வைத்தார்.

"இன்னாமே, ஒங்க மாமனாரு நடக்கறாரு," என்றாள் பச்சையம்மா.

"நடக்கட்டும்க்கா. ஒரே எடத்துல நின்னா காலு நோவாதா," என்றாள் தேசம்மா, பிசினைக் குழைத்தபடியே.

கொல்லாபுரி மேலே சொன்னான், பச்சையம்மா ஊம் கொட்டினாள், மாமனார் நடந்தார், அவருக்கு முன்னால் கரியிலேயே ஒரு சாரை முளைத்து ஓடியது, மழை விடுவதற்குள் இருவரும் கூரையின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இது எப்படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஊம் கொட்டினால் கதை நகரும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதானே, இப்போது கண்ணுக்கும் தெரிகிறது, அவ்வளவுதான். எங்களுக்கு இருந்த கேள்வியெல்லாம் எங்கள் வீட்டுக் கூரைக்கு எப்போது படம் போடுவாய் என்பதுதான்.

தை பிறப்பதற்குள் கன்னிமேட்டில் வெள்ளைக் கூரை ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு வந்த தொல்லைகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தூக்கத்தில் ஊம் கொட்டுகிறவர்களின் வீட்டில் காலையில் பார்த்தால் கதை எங்கோ போயிருக்கும். ஒரு வீட்டுக் கரி எலி பக்கத்துக் கூரைக்குத் தாவி அங்கே குட்டி போட்டுவிட்டது என்று இரண்டு குடும்பங்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்தன. பன்றி உறுமினால் படம் நகருமா என்று பார்த்தோம், நகரவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிற ஊம்முக்குத்தான் அது அசையும். இருமல்காரர்களைக் கதை கேட்க உள்ளே விடலாமா கூடாதா என்று கரையில் கூட்டம் போட்டுப் பேசி, விடலாம், ஆனால் கடைசியில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இரண்டு சட்டங்கள் மட்டும் பழையபடியே இருந்தன. கதை முடிகிறவரை கேட்பவர் குறுக்கே பேசக் கூடாது. ஊம் மட்டும்தான், எதிர்ப்பேச்செல்லாம் கதை முடிந்த பிறகு. அடுத்தது, ஒருவர் பாதியில் விட்ட கதையை இன்னொருவர் பிடுங்கிச் சொல்ல முடியாது. பாதியில் விட்டவரே இன்னொருவர் கதைக்கு ஊம் கொட்டினால்தான் சொல்லும் உரிமை கைமாறும். படத்தில் இருந்தவர்களும் இந்தச் சட்டங்களை அட்சரம் பிசகாமல் மதித்தார்கள். எங்கள் ஆட்கள்தானே அவர்கள்.

தேசம்மாவின் பெயர் மெல்லப் பரவி, சென்னையில் ஓவியக் காட்சி நடத்துகிற மைதிலி என்ற பெண் கார் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கூரையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தேசம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், குளுகுளு அறையில் விளக்குப் போட்டு மாட்டினாள். வாசலிலேயே அமைதி காக்கவும் என்று எழுதியிருந்தது. வந்தவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு பார்த்தார்கள். தேசம்மா கதை சொன்னாள். ஒருவரும் ஊம் கொட்டவில்லை. படத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கால் வலித்துக் குந்திவிட்டார்கள். மறுநாள் ஒரு பத்திரிகையில் தேசம்மாவின் கோடுகளில் உறைந்திருக்கும் நிச்சலனம் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள், அதைப் படித்துக்காட்டச் சொல்லி நாங்கள் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் மூன்றாம் நாள் மைதிலியின் அம்மா அவளுக்கு ஃபோன் செய்து மாம்பலத்தில் யாரோ அத்தை வீட்டுச் சொத்துத் தகராறைச் சொல்லச் சொல்ல, மைதிலி படத்தின் முன்னால் நடந்துகொண்டே ஊம், ஊம், ஊம் என்று கொட்டியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால், எலி வளை தோண்டிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் மாடி யாருக்கு, கீழ்த்தளம் யாருக்கு என்று ஒருவரையொருவர் விரல் நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார்கள். தேசம்மா நீட்டிய விரல்களை மட்டும் ஈரத்துணியால் துடைத்து எல்லோரையும் சமாதானப்படுத்தி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். "டவுன்காரங்களுக்கும் ஊம் கொட்டத் தெரியும்க்கா, ஃபோன்ல மட்டும்," என்று பச்சையம்மாவிடம் சொன்னாள்.

இப்படி இருந்த காலத்தில்தான் தனஞ்செயன் ஜீப்பில் வந்தார். ஏரியை அழகுபடுத்தும் திட்டத்துக்கு அவர்தான் அலுவலர். கெட்ட மனிதர் இல்லை. பேசப் பிறந்தவர். அவருக்கு இரண்டு காதும் ஒழுங்காகவே இருந்தன, ஆனால் அவை மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதைத் தவிர வேறு வேலை செய்து நாங்கள் பார்த்ததில்லை. யாராவது வாயைத் திறந்தால் "ஓகே ஓகே, நெக்ஸ்ட்" என்பார். ஒருவர் கையில் செல்ஃபோனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று பேசத் தொடங்கினார்.

"இந்த ஏரியில படகுத்துறை வரப்போகுது," என்றார். நாங்கள் "ஊம்" என்றோம். "அன்னப்பறவை மாதிரி படகெல்லாம் விடப்போறோம்." "ஊம்." "கரை முழுக்கப் பூங்கா." "ஊம்." "அதனால உங்களை எல்லாம் நெடுஞ்சாலைக்கு அந்தாண்ட கல்குவாரிப் பக்கம் குடிவைக்கப்போறோம்." ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆனாலும் கதை முடியவில்லையே, "ஊம்" என்றோம். "தகரம் போட்ட வீடு." "ஊம்." அவர் வாழ்நாளில் இப்படி ஒரு கூட்டம் அவருக்கு வாய்த்திருக்காது, முகமெல்லாம் மலர்ந்துபோய், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்தி வாங்கிக்கொண்டார். முடித்ததும் பேசலாம் என்று தேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். அவர் முடிக்கவே இல்லை. "மிச்சத்த அப்புறம் வந்து சொல்றேன்," என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. கூரையில் இருந்தவர்கள் எலி வளையை விட்டுவிட்டு, கடற்கரைக் கூடாரத்தைப் பிரித்துவிட்டு, கன்னியம்மாள் கல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் மூட்டையோடு வரிசையாக மேற்கே, கல்குவாரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதேதான். எங்கள் ஊம்மைக் கேட்டு, அவர் சொன்ன கதையின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையின் முதல் ஆளாகக் கொல்லாபுரியின் அப்பா, கூரையின் ஓரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தார். இன்னும் கொஞ்சம் ஊம் கொட்டியிருந்தால் ஓரத்தைத் தாண்டி வெளியே போயிருப்பார், வெளியே போனவர் எங்கே போவார் என்று யாருக்குத் தெரியும். பச்சையம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கொல்லாபுரி மறுநாளே அலுவலகத்துக்குப் போனான். "நாங்க எங்கியும் போறதா சொல்லலியே சார்," என்றான். தனஞ்செயன் வீடியோவைப் போட்டுக்காட்டினார். அதில் மொத்தக் கன்னிமேடும் ஊம், ஊம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"இது சம்மதம் இல்லாம வேற என்னப்பா?"

"கத கேக்கறவன் ஊம் கொட்டாம வேற இன்னா சார் பண்ணுவான்?"

"ஓகே ஓகே. மாசி மகத்துக்கு முன்னாடி காலி பண்ணிடணும். நெக்ஸ்ட்," என்றார் தனஞ்செயன்.

அன்று கரையில் கூடியபோது பெரிய சண்டை. நீதான் முதலில் கொட்டினாய், நான் மெதுவாகத்தான் கொட்டினேன், நான் வாய்க்குள்ளேயேதான் சொன்னேன் என்று ஆளுக்கொரு நியாயம். தேசம்மாதான் எல்லோரையும் அதட்டி உட்காரவைத்தாள். கூரைக்காரர்கள் ஓரத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் இனி ஒருவரும் எதற்கும் ஊம் கொட்டக் கூடாது. அவர் பாதியில் விட்ட கதையை நாம் திருப்ப முடியாது. அவர் நம் கதைக்கு ஒரே ஒரு ஊம் கொட்டட்டும், உரிமை நம் கைக்கு வரும், அப்புறம் நம் ஆட்களை நாம் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம். "ஒரு ஊம். அந்தாளு வாயிலேர்ந்து ஒரே ஒரு ஊம்," என்றாள். அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எங்களுக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படித்தான் நாங்கள் ஊம்மைத் துறந்து ஊமைகளானோம். ஊம் இல்லாததால் கதை இல்லை. கதை இல்லாததால் பிள்ளைகள் தூங்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் தாங்கள் பேசப் பேச நாங்கள் கல்மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இவர்களுக்கு இஷ்டமில்லை போல என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் மூட்டையோடு நின்றது நின்றபடி எங்கள் ஆட்கள். அவர்கள் கழுத்து வலிக்கும் என்று பச்சையம்மா தினமும் ஒரு தடவை சொன்னாள்.

தனஞ்செயன் நிலத்தை அளக்க வந்தபோதெல்லாம் நாங்கள் விடாமல் முயன்றோம். கொல்லாபுரி ஏரி பிறந்த கதையைச் சொன்னான். "ஓகே ஓகே" என்றார். பச்சையம்மா கன்னியம்மாள் கடலிலிருந்து வந்த கதையை அழுதுகொண்டே சொன்னாள். "சரிம்மா, சரிம்மா" என்றார். ஒருவன் பேய்க்கதை சொன்னான். அவர் அவனுக்கே ஒரு பேய்க்கதையைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்து, நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடும்படி ஆயிற்று.

நாங்கள் போட்ட மனுவின்மேல் மேலதிகாரி வத்சலா டவுன் சமுதாயக் கூடத்தில் விசாரணை வைத்தார். தேசம்மா வீடு வீடாகப் போய்க் கூரையைக் கேட்டாள். கூரையைக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துப் படுப்பதா என்று முனகியவர்களும் கடைசியில் கொடுத்தார்கள். எல்லாக் கூரைகளையும் கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து, தேர்வடம்போல் தோளில் சுமந்துகொண்டு போய்க் கூடத்தின் மூன்று சுவரிலும் கட்டினோம். கும்பிடு போடும் பெரிய மனிதர்களெல்லாம் சுவரைப் பார்க்க, மூட்டை சுமந்த எங்கள் ஆட்கள் கூடத்தைப் பார்த்து நின்றார்கள்.

"இந்தப் படம்தான் உங்க பதிலா?" என்று கேட்டார் வத்சலா.

"பதிலு இல்லம்மா, கத. நீங்க கேக்கணும்," என்றாள் தேசம்மா. வத்சலா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். விசாரிக்க வந்தவர் எந்தப் பக்கமும் தலையாட்டக் கூடாது என்பதால் அவர் ஊம் கொட்டவில்லை. விதிப்படி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தனஞ்செயன் செல்ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு ஊர்ல ஒரு ஆபீசரு," என்று தொடங்கினாள் தேசம்மா. "நல்ல மனுசன். ஏரிக்கரையில புதுசா கட்ன குவார்ட்டர்ஸுல குடி வந்தாரு. ஜன்னலத் தொறந்தா தண்ணி, தண்ணியில அன்னப் படகு."

நிறுத்தினாள். ஒருவரும் ஊம் சொல்லவில்லை. படம் அசையவில்லை. ஏரிக்கதையும் இல்லாமல், சாமிக்கதையும் இல்லாமல் இவள் எங்கே போகிறாள் என்று எங்களுக்கே விளங்கவில்லை.

"ஒரு நாளு காத்தால அவரு சம்சாரம் அரிசி எடுக்கப் போவுது. டப்பாக்குப் பின்னால வெள்ளையா இன்னாவோ கெடக்குது. பாத்தா, பாம்புச் சட்ட. ஆள் நீளம்."

தனஞ்செயன் செல்ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"சட்ட கீது. பாம்பக் காணோம்."

தனஞ்செயனின் செருப்புக் கால்கள் தரையிலிருந்து மெல்ல எழும்பி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் ஏறிக்கொண்டன.

"ஃபோனப் போட்டாரு. யாருக்கு? பாம்பு புடிக்கற நம்மாளுங்களுக்கு. 'ஒடனே வாங்கப்பா.' 'வரோம் சார், ஆனா நாங்க இப்ப கல்குவாரியில கீறோம். பஸ்ஸு கெடையாது, நடந்துதான் வரணும், பொழுது சாஞ்சிடும்.' 'அது வரைக்கும் பாம்பு?' 'அது எங்களுக்கோசரம் காத்துக்கினு இருக்குமா சார்?' பாம்பு அரிசி டப்பாவ விட்டு எறங்கி, கதவு சந்துல தலைய வச்சி, கூடத்தப் பாத்திச்சி."

தேசம்மா சொல்லை அங்கே வைத்துவிட்டு, சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அவசரமே இல்லாமல் குடித்தாள். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"ஊம்?" என்றார் தனஞ்செயன். 

சுவரில் கொல்லாபுரியின் அப்பா ஓரத்திலிருந்து கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தார்.

"கூடத்துல சோபா," என்றாள் தேசம்மா. 

"ஊம்." 

"சோபா மேல ஆபீசரு புள்ள படுத்துக்கினு டிவி பாக்குது." 

"ஐயய்யோ, ஊம்?" 

"பாம்பு சோபாக்கு அடியில போச்சி. அதே நேரத்துக்கு, கல்குவாரியில கீறவங்க மூட்டையத் தூக்கினாங்க." 

"ஊம், சீக்கிரம்." 

"அப்பிடியே திரும்பி நடந்தாங்க." 

"ஊம்." 

"நெடுஞ்சாலையத் தாண்டினாங்க." 

"ஊம்." 

"ஏரிக்கர மேல ஏறினாங்க."

மூன்று சுவரிலும் வரிசை திரும்பியது. தேசம்மா சொல்லச் சொல்ல, தனஞ்செயன் கொட்டக் கொட்ட, எங்கள் ஆட்கள் கிழக்கே நடந்தார்கள், தையல் போட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி ஒரு வீட்டுக் கூரையிலிருந்து இன்னொரு வீட்டுக் கூரைக்கு நடந்தார்கள், கரித்தூசு பறக்க நடந்தார்கள். அதற்கு மேல் எங்களால் அடக்க முடியவில்லை. அத்தனை நாளும் தொண்டையில் கட்டிவைத்திருந்த ஊம்மெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது, கூடமே அதிர்ந்தது. வீடியோ எடுத்தவர் கொட்டினார், வாசலில் நின்ற டவாலிச் சேவகர் கொட்டினார்.

"மூட்டைய எறக்கி வச்சாங்க!" 

"ஊம்!" 

"அடுப்பு மூட்னாங்க!" 

"ஊம்!" 

"கன்னியம்மாளுக்கு வெளக்கு வச்சி, இது எங்க எடம், இனிமே எங்கியும் போவமாட்டோம்னு சொன்னாங்க!"

"ஊம், ஊம், அந்தப் பாம்பு?" என்றார் தனஞ்செயன், நாற்காலி நுனிக்கு வந்து.

தேசம்மா அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். "ரொம்ப நன்றி சார். இது எங்க எடம்னு சம்மதிச்சிட்டீங்க. எல்லாம் வீடியோவுல கீது."

தனஞ்செயன் எழுந்தே நின்றுவிட்டார். "யாரும்மா சம்மதிச்சது? கதை கேட்டா ஊம்னு சொல்லமாட்டாங்களா? ஊம்னா கேட்டுக்கிட்டு இருக்கேன், மேல சொல்லுன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைப் போய் யாராவது சம்மதம்னு..."

பேச்சு அங்கே நின்றுவிட்டது. அவர் காதுகள் இரண்டும் சிவந்தன. தாம் சொன்னதைத் தாமே கேட்டார் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

வத்சலா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "ஊம்," என்றார். "மேல சொல்லுங்க, தனஞ்செயன்."

தனஞ்செயன் நாற்காலியில் உட்கார்ந்தார். படகுத்துறையை ஏரியின் மறுகரையில் கட்டிக்கொள்ளலாம், கன்னிமேட்டைத் தொடக் கூடாது என்று வத்சலா அங்கேயே அறிவித்தார். தேசம்மா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கொல்லாபுரி என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்குச் சொம்புத் தண்ணீரை நீட்டினான். பிறகு நாங்கள் அந்த நீளக் கூரையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாகப் பாட்டும் கூத்துமாக ஊருக்கு நடந்தோம். மாடியில் நின்றவர்களுக்கு மாப்பிள்ளைகளும் வட்டச் செயலாளரும் கும்பிடு போட்டபடி ஊர்வலம் போவது தெரிந்திருக்கும். அடியில், எங்கள் தலைக்குமேல், கரி அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மாசி மகத்துக்கு அதையே கடற்கரையில் கூடாரமாகக் கட்டினோம். அதன் அடியில் மூன்று கல்யாணம் நடந்தது, அதில் ஒன்று காப்பி குடிக்காமல் போனவர்கள் வீட்டுக் கல்யாணம்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம், ஜீப் இல்லாமல், மைக் இல்லாமல், தனஞ்செயன் ஒரு பழைய பைக்கில் வந்தார். கண்ணுக்கடியில் கருவளையம். தேசம்மா வாசலில் கரி இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட," என்றார். "அந்தப் பாம்பு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே. வீட்ல சோபாவத் தூக்கித் தூக்கிப் பாக்கறேன். தூக்கம் போச்சு."

தேசம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே பாயை விரித்தாள். பச்சையம்மா வந்துவிட்டாள், கொல்லாபுரி வந்துவிட்டான், நாங்கள் எல்லோரும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தனஞ்செயன் நடுவில் சம்மணம் போட்டு அண்ணாந்து பார்த்தார். கூரையில், ஒரு கரி சோபாவுக்கு அடியில், வால் நுனி மட்டும் தெரிந்தது.

"சொல்றேன் சார். ஆனா ஊம் கொட்டணும்," என்றாள் தேசம்மா. "பயப்படாதீங்க, எதுக்கும் சம்மதிச்சதா ஆவாது."

தனஞ்செயன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். காதுகளை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டார்.

"ஊம்," என்றார்.